ஏறும் புரவியும்

தை பிறந்துவிட்டால் பாலாற்றின் இரு மருங்கிலும் உள்ள சிற்றூர்கள் புதுப்பொலிவு பெறும். வேலூர், அணைக்கட்டு, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவற்றைச் சூழ்ந்த ஊர்களில் எருது விடும் விழா களைகட்டும். மதுரைப் பக்கத்து ஏறுதழுவுதல் வேறு, இவ்விழா வேறு. அங்கே வீரன் காளையின் திமிலைப் பற்றித் தழுவுகின்றான். இங்கே காளையின் விரைவே போற்றப்படுகின்றது. தெருவின் இரு புறமும் கட்டைகளால் தடுப்பு அமைப்பர். கொம்பிலே வண்ணமும் கழுத்திலே சலங்கையும் பூண்ட காளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்த்து விடுவர். குறித்த தொலைவை மிகக் குறைந்த நொடிகளில் கடக்கும் காளை பரிசு பெறும். பரிசு பெற்ற காளையின் பெயர் சுற்றுப்புற ஊர்களிலெல்லாம் பேசப்படும்.

ஓடுகின்ற காளைக்கு இவ்விழா எத்தகையது? தடுப்புக்கு வெளியே நிற்க வேண்டியோர் பலர் உள்ளே இறங்கி நிற்கின்றனர். காளை கடக்கும்போது கூச்சலிட்டுக் கையால் தட்டுகின்றனர். மிரண்ட காளை தடுப்பில் மோதிக் காயமுறுவதுண்டு; எல்லையைக் கடந்தும் நில்லாது ஓடிக் கிணற்றில் வீழ்வதும் உண்டு. கூட்டத்தில் நின்ற மக்களும் குத்துண்டு மாண்டிருக்கின்றனர். ஆதலின், விழாவை நிறுத்துவதா, விதிகளால் திருத்துவதா என்னும் வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றது.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு வரலாறு உண்டு. 1952-இல் மாநிலங்கள் அவையின் உறுப்பினராக அமர்த்தப்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல், விலங்குகளைக் கொடுமையினின்றும் காப்பதற்குச் சட்ட முன்வடிவு ஒன்றை அவையில் கொண்டுவந்தார். அவர் மூட்டிய எண்ணமே வளர்ந்து 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமாக உருப்பெற்றது. அச்சட்டத்தின்படி 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தது. அவரே அதன் முதல் தலைவராக விளங்கினார். பின்னர், 2009-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஏறுதழுவுதலை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. 2011-இல் நடுவண் அரசு, காட்சிக்குப் பழக்கலாகாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் இவ்விளையாட்டுகளைத் தடை செய்தது. பசி, அச்சம், நோவு முதலியவற்றினின்று விடுபட்டு வாழ்தல் விலங்குகளுக்கும் உரியது என்று அத்தீர்ப்பு எடுத்துரைத்தது.

2017 சனவரியில் தடையை நீக்க வேண்டுமென இளைஞர் பெருந்திரளாகச் சென்னைக் கடற்கரையில் கூடினர். அம்மாதமே தமிழ்நாடு அரசு 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன் எல்லையளவில் திருத்தியது. மஞ்சுவிரட்டு, வடமாடு என்பவற்றுடன் எருது விடும் விழாவும் அத்திருத்தத்தில் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டது. சனவரி முதல் மே வரையிலான காலமும் வரையறுக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியரின் இசைவு பெறுதல், கால்நடை மருத்துவர் காளையைச் சோதித்தல், வெறியூட்டும் பொருள்களைக் கொடாதிருத்தல் முதலிய நெறிகள் விதிகளாயின. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு இத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வழக்கு முடிந்தது, ஆயினும் நம் கடமை முடிந்துவிடவில்லை.

இரு சாராரின் கூற்றையும் நடுவுநிலையோடு கேட்போம். விழா வேண்டும் என்போர், "காளையை நாங்கள் வீட்டுப் பிள்ளைபோல் வளர்க்கின்றோம். எங்கள் உணவைக் குறைத்தும் அதற்குத் தீவனம் இடுகின்றோம். உழவுக்கு எந்திரம் வந்த பின்னர், விழாவும் இல்லையாயின் நாட்டுக் காளைகளை வளர்ப்பவர் யார்? அவை அடிமாடாகப் போக வேண்டியதுதானே?" என்று கேட்கின்றனர். இக்கேள்வியில் உண்மை இருக்கின்றது. விழா வேண்டா என்போர், "காளை தானே விரும்பி ஓடவில்லை, அஞ்சி ஓடுகின்றது. பிள்ளைபோல் வளர்த்ததை அச்சத்திற்கு ஆளாக்குதல் அன்பாகுமா?" என்று வினவுகின்றனர். இக்கேள்வியிலும் உண்மை இருக்கின்றது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வாழ்வோர்க்கு மற்றொரு தயக்கமும் எழக்கூடும். "தோலைப் பதனிட்டும் காலணி செய்தும் வாழும் ஊரார் விலங்கிடம் இரக்கம் காட்டுமாறு பேசலாமா?" என்பதே அது. பேசலாம், பேசவும் வேண்டும். விலங்கினால் பயன் பெறுவோர்க்கே அதன்பால் கடப்பாடு மிகுதி. இறந்த பின் அதன் தோல் நமக்குப் பயன்படுகின்றது என்பது, உயிரோடிருக்கும்போது அதனை வருத்துவதற்கு உரிமைச் சீட்டு ஆகாது.

இனி, வேற்று நாட்டார் குதிரைகளை முன்னிட்டு நிகழ்த்திய ஓர் ஆராய்ச்சியைக் காண்போம். 1892-இல் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையே படைத்தலைவர்கள் குதிரையேறிப் போட்டியிட்டனர். தொலைவு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. விரைவு ஒன்றே வெற்றி என்று கருதப்பட்டமையால் குதிரைகள் பல வழியிலும் முடிவிலும் மாண்டன. வென்றவருடைய குதிரையும் பிழைக்கவில்லை. புகழ் ஏறியவனுக்கு, சாவு சுமந்ததற்கு!

இக்கொடுமையைக் கண்டு உலகம் வருந்தியது. பிற்காலத்தில் நெடுந்தொலைவுக் குதிரையோட்டம் புதிய நெறியில் அமைந்தது. 1955-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரே நாளில் நூறு மைல், அஃதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர், கடக்கும் ஓட்டம் தொடங்கிற்று. இத்தகைய ஓட்டங்களில் வழி பல கட்டங்களாகப் பகுக்கப்படும். கட்டந்தோறும் மருத்துவர் குதிரையின் நாடித் துடிப்பை எண்ணுவார்; நடையில் நொண்டல் உண்டா என நோக்குவார்; தோலைக் கிள்ளி விட்டு உடலில் நீர் வற்றியுள்ளதா என அறிவார். நிமிடத்திற்கு 64 துடிப்பு என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் வரம்பு. குறித்த நேரத்திற்குள் துடிப்பு அவ்வளவிற்குத் தணியவில்லையாயின் குதிரை மேலே செல்லலாகாது. எல்லைக் கோட்டை முதலில் தொட்ட குதிரையும் இறுதிச் சோதனையில் தவறினால் வெற்றியை இழக்கும். இஃது ஒரு நுட்பமான மாற்றம். ஓட்டம் கோட்டோடு முடிவதில்லை. மருத்துவரின் கையில் முடிகின்றது. மேலும், கலிபோர்னிய ஓட்டத்தில் முன்னணியில் வந்த குதிரைகளுள் மிக நல்ல உடல்நிலையில் இருப்பதற்கு 1964 முதல் தனிப் பரிசும் வழங்கப்படுகின்றது.

விதிகள் வகுத்தவுடன் தீமை ஒழிந்துவிடவில்லை. விரைவில் பற்று வைத்தோர் விதியை வளைக்கவே முயன்றனர். ஆதலின், உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2015-இல் ஐக்கிய அரபு எமிரேட்டு நாட்டுக் கழகத்தையே சில காலம் விலக்கி வைத்தது. 2018-இல் அமெரிக்காவின் டிரயான் நகரில் நடந்த உலகப் போட்டியில் வெப்பமும் காற்றின் ஈரமும் மிகவே, நெடுந்தொலைவு ஓட்டம் இடையிலேயே கைவிடப்பட்டது. பல நாட்டினர் பெருஞ் செலவு செய்து வந்திருந்தும், குதிரையின் உயிரே பெரிதெனக் கொள்ளப்பட்டது.

இவற்றால் நாம் அறியத்தக்கது யாது? ஓடும் விலங்கின் நன்மை, வெற்றியின் இலக்கணத்திலேயே இடம்பெற வேண்டும் என்பதாம். நம் ஊரில் காளை ஓடுவதற்கு முன் சோதிக்கப்படுகின்றது. ஓடிய பின்னரும் அதன் மூச்சையும் நடையையும் காயத்தையும் சோதித்து, நலமாக உள்ள காளைக்கே பரிசு என்று விதித்தால் என்ன? காளையைத் தட்டினோர் உள்ள ஊரில் அன்றைய விழாவை நிறுத்தலாகாதா? எல்லைக்கு அப்பால் காளை அமைதியுறுவதற்கு அடைப்பிட்ட திடல் ஒன்றையும், கிணறுகளுக்கு மூடியையும் கட்டாயமாக்கலாகாதா? விரைந்து ஓடிய காளைக்கு ஒரு பரிசு கொடுப்போர், நன்கு பேணப்பட்ட காளைக்கும் ஒன்று கொடுக்கலாமே! அவ்வாறு செய்தால், வளர்ப்பவனின் அன்பு வாய்ச்சொல்லாக நில்லாமல் பரிசுக்குரிய தகுதியாக மாறும்.

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தபோது மன்னன் எழுந்து வந்தான் என்று நம் முன்னோர் போற்றிக் கூறுவர். இன்று அரண்மனையும் இல்லை; மணியும் இல்லை. சட்டமே அம்மணி, விதிகளே அதன் கயிறு. ஆனால் காளையால் அக்கயிற்றை இழுக்க இயலாது. அதன் பொருட்டு இழுக்க வேண்டிய கை நம்முடையது. அடுத்த தையில் தடுப்பின் ஓரத்தில் நீங்கள் நிற்கும்போது, காளை உங்களைக் கடந்து ஓடும். அப்போது உங்கள் கை அதனைத் தட்டுமா, தட்டும் கையைத் தடுக்குமா என்பதே வினா.

பயிற்சி

1. எருது விடும் விழா ஏறுதழுவுதலினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றது?
2. விழாவைப் பற்றி இரு சாராரும் கூறும் காரணங்களை எழுதுக.
3. "ஓட்டம் கோட்டோடு முடிவதில்லை, மருத்துவரின் கையில் முடிகின்றது" - விளக்குக.
4. உங்கள் ஊரில் எருது விடும் விழாவிற்கு விதி வகுக்கும் குழுவில் நீங்கள் இருப்பின், எவ்விதியை முதலில் சேர்ப்பீர்கள்? காரணம் காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.