ஈரல் புற்றுநோய் வலி: தோட்டத்து வீட்டில் கவனிக்க

பதுளை போதனா வைத்தியசாலையில் கீமோ ஏற்றிக்கொண்டு எல்ல பக்கத்துத் தோட்டத்துக்குத் திரும்பியவருக்கு இரவில் வலி வந்தால், மலை இறங்குவது லேசில்லை. ஆகவே:

1. பனடோல் கொடுக்குமுன் காய்ச்சல் பாருங்கள். மாத்திரை அதை மறைத்துவிடும். 38 பாகை செல்சியஸ் தொட்டால் விடியும்வரை காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கீமோவால் வெள்ளணு குறைந்த உடலில் கிருமித்தொற்று மணிக்கணக்கில் முற்றும்.

2. ஒரு நாளைக்கு எத்தனை பனடோல் என்று கிளினிக்கில் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். ஈரல் பழுதான பலருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை நான்குதான் உச்சம். தடிமன் மாத்திரை பலவற்றிலும் அதே மருந்து உண்டு.

3. டைக்ளோபெனாக், இபுபுரோபன் வேண்டாம். இரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும். தெரிந்தவர் தந்த கஷாயமும் வேண்டாம். அதையும் ஈரல்தான் சமாளிக்க வேண்டும்.

4. மோர்ஃபின் தந்திருந்தால் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். முற்றிய வலியை அடக்குவது கடினம். ‘பழகிவிடும்’ என்று பயந்து ஒளித்து வைப்பது வீண் கொடுமை. மலச்சிக்கலுக்கும் மருந்து கேளுங்கள். உளறல், எழுப்பமுடியாத தூக்கம் என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

5. வலது தோள் வலியையும் டொக்டரிடம் சொல்லுங்கள். வீங்கிய ஈரலின் வலி அங்கும் தெரியும்.

6. போயா, தீபாவளி விடுமுறைக்கு முன்பே மாத்திரையை எண்ணுங்கள். விடுமுறையில் கிளினிக் இராது.