நீர்க்கடுப்பு: வெட்கம் வேண்டாம்

வயல் வேலைக்குப் போகும் பெண்கள் பலர் பகல் முழுவதும் சிறுநீரை அடக்குகிறார்கள். ஒதுங்க மறைவிடம் இல்லை. அதனால் தண்ணீரும் குறைவாகக் குடிக்கிறார்கள். பிறகு நீர் கடுக்கிறது. சொட்டுச் சொட்டாகப் போகிறது. அடிவயிறு வலிக்கிறது. "உடம்புச் சூடு" என்று பொறுத்துக்கொள்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது. வீங்குகிறது. சுடுகிறது. வலிக்கிறது. கிருமியை எதிர்க்க உடம்பு அங்கே அதிக ரத்தத்தை அனுப்புகிறது. இதன் பெயர் அழற்சி.

சிறுநீர்ப்பையின் உட்சுவரிலும் அழற்சி வரும். அப்போது பை கொஞ்சம் விரிந்தாலே வலிக்கும். சிறிது நீர் சேர்ந்தாலும் நிறைந்தது போல் தோன்றும். அதனால்தான் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

சிறுநீர் வெளியேறும் குழாய் ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர்தான். மலவாயும் அருகில் உள்ளது. மலத்திலுள்ள கிருமி எளிதில் பைக்குள் ஏறிவிடும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எப்போது ஆபத்து?

குளிர்காய்ச்சல், முதுகுப்பக்க வலி, வாந்தி வந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. குறைமாதத்தில் குழந்தை பிறந்துவிடக் கூடும்.

அடிவயிற்று வலியோடு நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் கருப்பையில், கருக்குழாயில் அழற்சி இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் குழந்தைப்பேறு தடைபடலாம். கணவருக்கும் மருத்துவம் தேவைப்படலாம்.

சிலருக்குச் சிறுநீரில் கிருமி இருக்காது. ஆனாலும் மாதக்கணக்கில் வலிக்கும். "வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்" என்று வீட்டார் சொல்வதுண்டு. அது தவறு. கிருமி இல்லாமலும் பை புண்பட்டது போல் வலிக்கும். அந்த வலி உண்மை. கிருமிக்கான மாத்திரை இதற்குப் பயன்படாது. பெரிய மருத்துவமனையில் காட்ட வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

1. நிறையத் தண்ணீர் குடியுங்கள்.
2. சிறுநீரை அடக்காதீர்கள்.
3. முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள்.
4. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரைப் பரிசோதியுங்கள்.
5. கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். மருத்துவர் தந்த மாத்திரையை வலி நின்றாலும் முழுவதும் சாப்பிடுங்கள்.

வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை வேண்டும். சேர்ந்து கேட்போம்.

பதில் எழுதுங்கள்

1. அழற்சி என்றால் என்ன?
2. எந்த அறிகுறி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?
3. உங்கள் ஊரில் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை உண்டா?