மதம் மாறினால் சாதிச் சான்றிதழ் என்னாகும்?



"கிறிஸ்தவனா மாறிட்டா எஸ்.சி. சர்டிபிகேட் போயிடுமா?" என்று நம் தம்மம்பட்டி நண்பன் ஒருவன் கேட்டான். நான் படித்துத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

போய்விடும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, சில சீக்கியச் சாதிகள் நீங்கலாக, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியர் அனைவருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பி.சி.; 18 சதவீதத்தை விட்டு 26.5 சதவீதத்தில் போட்டியிட வேண்டும். எஸ்.டி. ஆணையில் மத நிபந்தனையே கிடையாது. நம் பச்சைமலை மலையாளிகளை இது தொடாது.

சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசைக்கு, கிறிஸ்தவர் என்பதால் இலவசப் பெட்டிக்கடை கிடைக்கவில்லை. மதம் மாறிய பின்னும் சாதிக்கொடுமை அதே கடுமையோடு தொடர்வதாக நிரூபிக்கவில்லை என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. ஆனால் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையே சாதிச் சுவர் பிரித்ததே! மதம் மாறினால் சாதி போகிறதோ இல்லையோ, சலுகை போகிறது. இது நியாயமா?

நியாயம் கேட்போம், பொய் மட்டும் வேண்டாம். ஞானஸ்நானம் பெற்று சர்ச்சுக்குப் போய்க்கொண்டே, வேலைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்துக்கே மோசடி என்று 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லேட்டரல் என்ட்ரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்முன் யோசியுங்க, தோழர்களே!