அறுபதைக் கடந்த வணிகர்களும் உடல் பரிசோதனையும்

கடைக்காரருக்கு உடம்பு முடியவில்லை என்ற செய்தி சந்தையில் பரவினால் முதலில் சுருங்குவது அவருடைய சரக்குக் கடன்தான். முப்பது நாள் தவணை பதினைந்தாகும். பதினைந்து நாள் தவணை ரொக்கமாகும். இதற்கு அஞ்சியே நம் வணிகர்கள் பலர் தமக்குச் சர்க்கரை இருப்பதையும், இரத்தக் கொதிப்பு இருப்பதையும் வெளியே சொல்வதில்லை. வெளியே சொல்லக்கூடாது என்ற எண்ணம் நாளடைவில், தெரிந்துகொள்ளவே கூடாது என்ற எண்ணமாகவும் மாறிவிடுகிறது. "பரிசோதனைக்குப் போனால்தானே நோய்?" என்று கேட்கும் அண்ணாச்சிகள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள்.

சரக்கைக் கடனுக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரி என்ற முறையில் ஒன்றைத் திட்டமாகச் சொல்ல முடியும். சர்க்கரையை அளந்து, மாத்திரை சாப்பிட்டு, அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவரிடம் கொடுத்த கடனுக்கு ஆபத்தில்லை. அவர் இன்னும் பல ஆண்டுகள் கடை நடத்துவார். தமக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு பத்து ஆண்டுகளாக எந்த மருத்துவரையும் பார்க்காதவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அவர் சாய்ந்துவிட்டால், யாரிடம் எவ்வளவு பாக்கி வர வேண்டும் என்பதுகூட வீட்டாருக்குத் தெரியாது. எனவே, உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டவுடன் தவணையைக் குறைக்கும் வழக்கத்தை நம் மொத்த வியாபாரிகள் கைவிட வேண்டும். மருத்துவரைப் பார்த்துவிட்டேன் என்று தைரியமாகச் சொல்லக்கூடிய நிலை சந்தையில் ஏற்பட்டால் பாதி நோய் அடங்கிவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் 31 கோடிக்கும் மேல். இவ்விரண்டு நோய்களும் வந்த புதிதில் எந்தத் தொந்தரவும் தருவதில்லை. பசி இருக்கும், தூக்கம் இருக்கும், கடையில் வேலை ஓடும். அளந்து பார்த்தால் அன்றி இவற்றைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. தலைவலி வரவில்லை, ஆகவே எனக்குக் கொதிப்பு இல்லை என்பது தவறான கணக்கு.

இரத்த அழுத்தத்தைச் சரியாக அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. மூட்டை இறக்கிவிட்டு வந்த கையோடு, நின்றபடி, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றிப் பார்த்தால் வரும் எண்ணை நம்பக்கூடாது. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வரை காப்பி, டீ, புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் அது கொதிப்புதான். மாத்திரை ஆரம்பித்து எண் சரியானவுடன் மாத்திரையை நிறுத்திவிடுகிற பழக்கம் நம்மிடையே மிகுதி. மாத்திரை சாப்பிடுவதால்தான் எண் சரியாக இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். வயதானவர்கள் நின்ற நிலையிலும் ஒரு முறை அளக்கச் சொல்வது நல்லது. எழுந்தவுடன் அழுத்தம் இறங்குபவர்களுக்குத் தலை சுற்றும். ஸ்டூல் போட்டுப் பரணில் இருந்து டின் எடுக்கும் வேலையை அவர்கள் கடைப் பையனிடம் விட்டுவிட வேண்டும்.

சர்க்கரைக்கு வருவோம். எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து பார்க்கும் சோதனையில் 100-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 100 முதல் 125 வரை இருந்தால் எல்லையில் நிற்கிறோம். உணவாலும் நடையாலும் திரும்பி வர வாய்ப்பு இருக்கிறது. 126-ம் அதற்கு மேலும் இருந்து, மறுமுறை பார்த்தும் அப்படியே இருந்தால் நீரிழிவு. ஆனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. இரண்டு நாள் இனிப்பையும் சோற்றையும் குறைத்துவிட்டுச் சோதனைக்குப் போகிறவர்களை நாம் அறிவோம். அதிகாரி வரும் நாளில் மட்டும் கிடங்கைக் கூட்டிப் பெருக்குவது போன்றது அது! எச்பிஏ1சி என்ற சோதனையில் இந்த வித்தை செல்லாது. அது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். முந்தையது ஒரு நாள் கல்லா என்றால் இது மூன்று மாதப் பேரேடு. 5.7-க்குக் கீழே சரி, 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவு.

மாத்திரை சாப்பிடுகிற கடைக்காரர்களுக்கு இதற்கு நேர்மாறான ஆபத்து ஒன்று உண்டு. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, கூட்டம் விடவில்லை என்று மதியச் சாப்பாட்டை மூன்றரை மணிக்குத் தள்ளிப்போடுகிறோம். சில மாத்திரைகளாலும் இன்சுலினாலும் அந்த நேரத்தில் சர்க்கரை அளவு அடியில் போய்விடும். வியர்க்கும், கை நடுங்கும், சில்லறை எண்ணுவதில் குழப்பம் வரும், எரிச்சலாகப் பேசுவார்கள். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று பையன்கள் ஒதுங்கி நிற்பார்கள். சுற்றிலும் சர்க்கரை மூட்டை அடுக்கியிருக்க, சர்க்கரை குறைந்து மயங்கி விழுந்தவர் கதை நம் தொழிலில் மட்டும்தான் இருக்கும். அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும் என்று கடையில் உள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடையை இலட்சுமி வாசம் செய்யும் இடமாக மதித்துச் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவது நம் வழக்கம். அது நல்ல வழக்கமே. ஆனால் நாள் முழுதும் வெறுங்காலோடு நிற்கும் அந்தத் தரையில் கிடப்பவை என்னென்ன? கோணி ஊசி, மரப்பெட்டியின் ஆணி, அட்டைப்பெட்டியின் பின், வற்றல் காம்பு, உடைந்த பாட்டிலின் சில்லு. நீரிழிவு பல ஆண்டு நீடித்தவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். ஆணி குத்தியது தெரியாது. இரண்டு நாள் கழித்துக் காலுறையிலோ பாயிலோ ஈரம் பார்த்துத்தான் புண் என்று அறிவார்கள். அதற்குள் சீழ் வைத்து எலும்பு வரை போயிருக்கும். விரலை எடுப்பதும், சில சமயம் முழங்காலுக்குக் கீழே எடுப்பதும் இப்படித்தான் நேர்கின்றன. மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை அதைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். உணர்ச்சி குறைந்தவர்கள் கடைக்குள் மட்டும் போட்டுக்கொள்ள எம்.சி.ஆர். செருப்பு ஒன்று தனியே வைத்துக்கொள்ளலாம். வெளியே போட்டதை உள்ளே கொண்டுவராதவரை மரியாதைக்கும் குறைவில்லை. இரவு கல்லாவை எண்ணிய பிறகு, ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலையும் பார்த்துவிட வேண்டும். குனிய முடியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம்.

கண்ணுக்கும் ஆண்டுச் சோதனை அவசியம். புரை பார்வையை மங்கலாக்கித் தன்னைக் காட்டிக்கொள்ளும். அறுவை செய்தால் சரியாகிவிடும். கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோய் அப்படியல்ல. பக்கப் பார்வையைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். போன பார்வை திரும்பாது. நீரிழிவு விழித்திரையைத் தாக்குவதும் ஆரம்பத்தில் தெரியாது. இதற்குச் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்ப்பார்கள். பிறகு சில மணி நேரம் எழுத்துக் கூசும். சிட்டை எழுத முடியாது, வண்டி ஓட்டக்கூடாது. ஆகவே வார விடுமுறையில், துணைக்கு ஒருவருடன் போங்கள். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகே 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அறுபதில் எல்லாம் முடிந்துவிட்டது என்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

சிறுநீரகத்துக்கு இரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்தால் போதும். வெற்றிலையுடன் புகையிலை போடுகிறவர்கள் வாயில் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ இரண்டு வாரம் தாண்டினால் காத்திருக்கக்கூடாது. கடைகளில் குட்காவுக்கு 2013-இல் தடை வந்தும் நாக்கு அதை மறக்கவில்லை.

வீட்டில் உள்ள பெண்களை இந்தப் பேச்சில் நாம் சேர்ப்பதே இல்லை. கடைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, பின்கட்டில் பருப்புப் புடைத்து, பொட்டலம் போட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களுக்கு 30 முதல் 65 வயது வரை உள்ள பெண்களை அரசுத் திட்டத்தின் கீழ் பரிசோதிக்கிறார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு மீண்டும் உதிரப்போக்கு இருந்தால் எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டும். கூச்சத்தால் அவர்கள் சொல்லாமல் இருக்கலாம். கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

இனி விளம்பரங்களைப் பற்றி. எண்பது சோதனை, நூறு சோதனை, பாதி விலை என்று துண்டுச் சீட்டுகள் வருகின்றன. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதன் சூட்சுமம் நமக்குத் தெரியாததா? தேவையில்லாத சோதனையில் ஏதாவது ஓர் எண் சற்று மாறியிருக்கும். அதைத் தேடி இன்னும் நாலு சோதனை எழுதுவார்கள். ஆண்களுக்கான பிராஸ்டேட் இரத்தச் சோதனைகூட எல்லோருக்கும் கட்டாயமில்லை. சிறுநீர்த் தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம். மேலே சொன்னவற்றோடு கொழுப்பும் ஒரு இ.சி.ஜி.யும் சேர்த்தால் பெரும்பாலோருக்குப் போதும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள்.

காப்பீடு இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். மத்திய அரசு 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, 5 இலட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீட்டை விரிவுபடுத்தியது. அது மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுவதற்கு. ஆண்டுச் சோதனைச் செலவுக்கு அல்ல. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் காப்பீட்டுக் கழிவின் வரம்புக்குள் 5,000 ரூபாய் வரை முன்தடுப்புப் பரிசோதனைக்குக் கழித்துக்கொள்ளலாம். அதை ரொக்கமாகச் செலுத்தினாலும் செல்லும். புதிய முறையில் இந்தச் சலுகை இல்லை. ரசீதை ஆடிட்டரிடம் கொடுக்க மறக்க வேண்டாம்.

நம் சங்கங்கள் நடத்தும் முகாம்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்தல், பேனர், பொன்னாடை எல்லாம் முடிந்து பதினொரு மணிக்கு, டிபன் சாப்பிட்டு வந்தவர்களுக்கு விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். 280 என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டு சட்டைப் பையிலேயே துவைந்து போகிறது. வந்தவர் எத்தனை பேர் என்று இதழில் செய்தி போடுகிறோம். அவர்களில் எத்தனை பேர் மருந்து ஆரம்பித்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

கடை திறப்பதற்கு முன், காலை ஆறரை மணிக்கு, வெறும் வயிற்றில் முகாம் நடத்தலாம். எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கையில் கொண்டுவந்து, இரத்தம் கொடுத்தபின் அங்கேயே இட்லியுடன் சாப்பிடட்டும். அவர்களை முதல் வரிசையில் விட வேண்டும். முடிவுகளைப் பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண் போட்டு எழுத வேண்டும். யாருக்கு எந்த எண் என்ற பட்டியல் மருத்துவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். தலைவரோ செயலாளரோ, சரக்குக் கொடுக்கும் எங்களைப் போன்றவர்களோ அதைப் பார்க்கக்கூடாது. மூன்று மாதம் கழித்து அடுத்த முகாமுக்கான தேதியை அன்றே குறித்துக் கொடுத்து, அதற்கு வராதவர்களை மருத்துவரின் உதவியாளர் தொலைபேசியில் அழைக்க ஒரு சிறு தொகையைச் சங்க நிதியில் ஒதுக்கலாம். பந்தலுக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.