நூலக வாசகரின் அகவுரிமையும் தகவல் தொழில்நுட்பமும்: விழுப்புரம், திண்டிவனம் நூலகங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நூலகங்கள் கணினிமயமாகும்போதும் வாசகருடன் தொடர்புகொள்ளச் சமூக ஊடகங்களைக் கையாளும்போதும் வாசகர் குறித்த தரவுகள் பெருகுகின்றன. யார் எந்நூலைப் படித்தார் என்னும் செய்தி அவரது சிந்தனையைப் பிறர் அறியச் செய்யும் தன்மையுடையது. பழைய நூல் வழங்கல் முறைகள், இன்றைய மென்பொருள், சமூக ஊடகக் குழுக்கள், தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றை ஒப்பிட்டு, சிறுநகர நூலகங்கள் வாசகரின் அகவுரிமையைக் காக்கும் வழிகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அகவுரிமை, நூல் வழங்கல், வாசகர் வட்டம், தரவுப் பாதுகாப்பு, நெடுநல்வாடை.

முன்னுரை

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப்பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டமாகும். இச்சட்டத்தின்வழி நூலக ஆணைக்குழுக்கள் அமைந்தன; சொத்துவரியோடு நூலக வரியும் பெறப்படலாயிற்று. 1993இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டம் உருவானது. விழுப்புரத்தில் மாவட்ட மைய நூலகமும் திண்டிவனத்தில் கிளை நூலகமும் இயங்குகின்றன. அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி விழுப்புரத்திலும், திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி திண்டிவனத்திலும் உள்ளன. விலைகொடுத்து நூல் வாங்க இயலாத மாணவர்க்கும் போட்டித் தேர்வு எழுதுவோர்க்கும் பொது நூலகமே புகலிடம்.

பெருநகர நூலகத்தில் வாசகர் கூட்டத்தில் ஒருவராக மறைந்துவிடலாம். சிறுநகரத்தில் நூலகரும் வாசகரும் ஒரே தெருவினராக இருக்கக்கூடும். மணவிலக்குச் சட்டம், மனநலம், மதம், சாதி மறுப்பு முதலிய பொருள்களில் ஒருவர் நூலெடுத்த செய்தி வெளிப்படின், அதன் விளைவு அவர் இல்லம்வரை செல்லும். எனவே அகவுரிமை பெருநகரத்திற்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. சிறுநகரத்திலேயே அது மிகக் கூர்மையாக எழுகிறது.

மறக்கும் சீட்டும் மறவாத கணினியும்

நூலகவியல் பாடங்களில் பிரவுன் முறை, நெவார்க் முறை என இரு நூல் வழங்கல் முறைகள் பயிற்றப்படுகின்றன. பிரவுன் முறையில் நூலட்டை வாசகரின் பை வடிவச் சீட்டினுள் செருகப்பட்டு, திருப்பவேண்டிய நாள்வாரியாக அடுக்கப்படும். நூல் திரும்பியதும் அட்டை நூலுக்கும் சீட்டு வாசகருக்கும் போய்ச் சேரும். அதன்பின் இருவருக்கும் இடையே இருந்த தொடர்பைக் காட்டும் சான்று எதுவும் எஞ்சுவதில்லை. நெவார்க் முறையிலோ வாசகரின் எண் நூலட்டையிலேயே எழுதப்படுவதால், அந்நூலை முன்னர் எடுத்தவர் யாவர் என்பது அட்டை உள்ளவரை நிலைக்கும்.

பிரவுன் முறை அகவுரிமையைக் கருதி உருவாக்கப்பட்டதன்று. விரைவே அதன் நோக்கம். எனினும் மறதி அதன் இயல்பாகவே அமைந்தது. கணினி இவ்வியல்பைத் தலைகீழாக்குகிறது. நியூசிலாந்தில் 1999இல் உருவாக்கத் தொடங்கிய கோஹா என்னும் திறமூல நூலக மென்பொருள் இதற்குச் சான்று. திரும்பிய நூல்களின் பதிவில் வாசகர் அடையாளத்தை நீக்கும் வசதி அதில் உண்டு. தம் வாசிப்பு வரலாற்றை வைத்திருக்கலாமா என வாசகரே தெரிவு செய்யவும் வழியுண்டு. ஆனால் நூலகம் அவ்வசதிகளை இயக்கினால்தான் அவை செயற்படும். இயக்காவிடின் பதிவுகள் தொடர்ந்து சேரும். முன்பு நினைவில் வைக்க உழைப்புத் தேவைப்பட்டது. இன்று மறக்கவே உழைப்புத் தேவைப்படுகிறது.

சமூக ஊடகக் குழுக்கள்

வாசகர் வட்டம் தமிழகப் பொது நூலகங்களின் நெடுநாளைய அமைப்பு. நூல் வெளியீடு, கருத்தரங்கு, பயிற்சி வகுப்பு பற்றிய அறிவிப்புகளுக்கு வாட்சப் குழு எளிய கருவியாகிறது. அக்குழுவில் ஒருவரைச் சேர்த்ததும் அவரது கைப்பேசி எண்ணைப் பிற உறுப்பினர் அனைவரும் காண இயலும். உறுப்பினர் படிவத்தில் நூலகத்தை நம்பி ஒரு மாணவி எழுதிய எண், அவர் அறியாத பலருக்குச் சென்று சேர்கிறது. தேவையற்ற அழைப்புகளுக்கு அஞ்சி அவர் நூலகம் வருவதை நிறுத்தினால், இழப்பு அவருடையது மட்டுமன்று.

இதற்கு மாற்று அரிதன்று. வாட்சப் அலைவரிசையில் பின்தொடர்வோரின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை. ஒளிபரப்புப் பட்டியலிலும் பெறுவோர் பிறரை அறியார். ஆயினும் நூலகத்தின் எண்ணைச் சேமித்தவர்க்கே செய்தி சேரும். அறிவிப்புக்கு அலைவரிசை, உரையாட விரும்பித் தாமே இணைவோர்க்குக் குழு எனப் பிரித்தல் பொருந்தும்.

சட்டப் பின்புலம்

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அகவுரிமை அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தது. 2023இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழி ஒன்றிலோ பெறும் வாய்ப்பை இச்சட்டம் அளிக்கிறது. நூலகப் படிவம் எளிய தமிழில் அமைய வேண்டும் என்பதற்கு இது சட்டம் சார்ந்த அடித்தளமாகும். அரசுச் சேவைகளுக்குச் சில விலக்குகள் இருப்பினும், தேவைக்கு மேல் தரவு திரட்டாமை நூலகத்தின் அறமாகும்.

2011ஆம் ஆண்டின் இணைய மைய விதிகள் பயனரின் அடையாளத்தைப் பதிந்து, பதிவுகளை ஓராண்டேனும் காக்கப் பணிக்கின்றன. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இணைய மையத்தை வணிக நடைமுறையில் இணைய வசதி தரும் இடமாக வரையறுக்கிறது. பொது நூலகம் வணிகம் அன்று. ஆகவே அவ்விதிகளை நூலகக் கணினிகளுக்கு ஆராயாமல் பொருத்துதல் கேள்விக்குரியது.

பெயர் சுட்டாமையும் அடையாளமும்

பெயரை நீக்கிவிட்டால் தரவு பாதுகாப்பாகிவிடும் என்னும் கருத்து பரவலானது. தமிழ் இலக்கண மரபு இதனை நுட்பமாக அணுகியுள்ளது. அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய நெறி. நெடுநல்வாடையில் அரசன் பெயர் இடம்பெறவில்லை. எனினும் வேலில் அணிந்த வேம்பு பாண்டியனைக் காட்டிவிடுவதால் அதனைப் புறம் எனக் கொண்டார் நச்சினார்க்கினியர். பெயர் இன்றியும் ஒரு குறி ஆளைக் காட்டும் என்பதே இதன் உட்பொருள். ஓர் ஊர், ஒரு கல்லூரி, ஒரு தேர்வு, ஓர் அரிய நூல் என்னும் நான்கு குறிப்புகள் சேர்ந்தால் திண்டிவனத்தில் ஒரு வாசகரை எளிதில் இனங்காணலாம். தமிழ் மரபில் அகம் என்பதன் எல்லை பெயரோடு முடிவதில்லை. தரவுப் பாதுகாப்பும் அவ்வாறே அமைதல் வேண்டும்.

செயற்படுத்தத்தக்க பரிந்துரைகள்

1. நூல் திரும்பி, நிலுவை தீர்ந்தபின் வாசகர்–நூல் தொடர்பை நீக்குதல்.
2. முகவரிச் சான்றைப் பார்த்துச் சரிபார்த்தல். படி தேவையெனின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஏற்றல்.
3. வாசகரின் இசைவு பெற்றே கைப்பேசி எண்ணையும் ஒளிப்படத்தையும் சமூக ஊடகத்தில் பயன்படுத்துதல்.
4. பொதுக் கணினியில் ஒவ்வொருவரின் பயன்பாட்டிற்குப் பின்னும் உலாவல் தடங்களும் உள்நுழைவுகளும் தானே அழியுமாறு அமைத்தல்.
5. எத்தரவு, எதற்காக, எத்துணைக் காலம் வைக்கப்படும் என்பதைத் தமிழில் எழுதி வழங்கல் மேசையருகே வைத்தல்.

முடிவுரை

இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகள் வாசகரையும் நூலையும் இணைப்பதை நூலகத்தின் கடமையாக்கின. அவ்விணைப்பைப் பிறர் கண்காணிக்கக்கூடும் என்னும் அச்சம் எழுந்தால், வாசகர் தமக்குத் தேவையான நூலைக் கேட்கவே தயங்குவார். பரிந்துரைகளுள் பெரும்பாலானவற்றிற்குப் புதிய நிதி தேவையில்லை. நூலகரின் கவனமும் ஆணைக்குழுவின் தெளிவான அறிவுறுத்தலும் போதும். நூல் வழங்கிய கணக்கைக் காப்பதோடு, கணக்கு முடிந்ததும் அதனை மறப்பதையும் நூலகப் பணியின் பகுதியாகக் கொள்ளுதல் இன்றைய தேவையாகும்.