ஆறிய வண்டியில் ஆயில் பார்க்காதீர்கள்

ஸ்டுட்கார்ட்டில் வேலைக்கு வந்து பல வருடம் காசு சேர்த்து, 1986-ஆம் வருடத்து போர்ஷே 911 கரேரா ஒன்றை வாங்கினேன். காற்றால் குளிரும் 3.2 லிட்டர் இன்ஜின். வாங்கிய முதல் வாரமே, காலையில் வண்டி எடுக்குமுன் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். நுனியில்கூட ஆயில் இல்லை. பதறிப்போய் 2 லிட்டர் ஊற்றினேன். கொஞ்ச தூரம் ஓடி இன்ஜின் சூடானதும், பின்னால் நீலப் புகை மண்டிவிட்டது.

ஆயில் குறைந்திருக்கவே இல்லை. மற்ற கார்களைப்போல இந்த இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கி நிற்காது. வலது பின்சக்கரத்துப் பக்கம் தனி டேங்க் இருக்கிறது. ஒரு பம்ப் அதிலிருந்து இழுத்து பேரிங்குகளுக்கு அனுப்பும். இன்னொன்று அடியில் வடிந்ததை உறிஞ்சி டேங்குக்கே திருப்பும். வண்டி சும்மா நின்றால் டேங்கில் உள்ளது மெல்ல மெல்ல இன்ஜினுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் காலையில் குச்சி காய்ந்திருந்தது. நான் ஊற்றிய 2 லிட்டர் தங்க இடமில்லாமல், டேங்கின் பிரீதர் குழாய் வழியே இன்ஜின் காற்று இழுக்கும் பக்கம் போய் எரிந்தது.

இப்போது அரை மணி நேரம் ஓட்டி, ஆயில் 90 டிகிரி அளவுக்கு வந்தபின், சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே பார்க்கிறேன். ஆயில் டேங்கின் மூடியைத் திறந்ததும் இன்ஜின் லேசாகத் தடுமாறும். என் வண்டியில் அது நல்ல அறிகுறி. தடுமாறவில்லையென்றால் வேறெங்கோ காற்று புகுகிறது. குச்சியின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் நின்றால் எனக்குப் போதும். மேல்கோடுவரை நிரப்புவதில்லை.

இந்த மூடியால் போர்ஷே கம்பெனியே ஒருமுறை பட்டிருக்கிறது. 1972 மாடலில் டேங்கைச் சக்கரத்துக்கு முன்னால் தள்ளி, வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவு வைத்தார்கள். பங்க்கில் அதைத் திறந்து பெட்ரோல் ஊற்றியவர்கள் உண்டு. அடுத்த வருடமே டேங்க் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

பிரஷர் மீட்டரையும் சூட்டில்தான் நம்பலாம். குளிர்ந்த இன்ஜினில் முள் ஜம்மென்று மேலே நிற்கும். கெட்டியான ஆயில் நகர முடியாமல் முட்டி நிற்பதன் அழுத்தம் அது; ஆயில் போய்ச்சேர வேண்டிய இடமெல்லாம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதனால் சூடேறும்வரை 3,000 சுற்றைத் தாண்ட விடமாட்டேன். சூடானபின் ஐடிலிங்கில் முள் 1 பாருக்குப் பக்கத்தில் இறங்கினாலும் பயப்பட வேண்டாம். 5,000 சுற்றில் 4.5 பார் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆயில் மாற்றும்போது எண்ணி ஊற்றுவது முக்கியம். மொத்தக் கொள்ளளவு 13 லிட்டர். ஆனால் முன்பக்கத்துக் கூலரிலும் குழாய்களிலும் உள்ளது வடியாது. நான் 9 லிட்டர் 20W-50 ஊற்றி, ஒரு சுற்று ஓட்டிவந்து, மிச்சத்தைக் குச்சி பார்த்து அரை அரை லிட்டராகச் சேர்ப்பேன்.

அந்தக் கூலர் வலது முன்சக்கரத்து மட்கார்டுக்குள் இருக்கிறது. ஆயில் 85 டிகிரியை நெருங்கும்போது தெர்மோஸ்டாட் திறந்து, வலது கதவுக்குக் கீழே ஓடும் குழாய்கள் வழியே அதை அங்கே அனுப்பும். கோடையில் நெடுந்தூரம் போய்வந்ததும் குனிந்து அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோவேன். அனல் அடித்தால் சரி. மீட்டர் சூட்டைக் காட்டியும் குழாய் ஜில்லென்று இருந்தால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்க்காமல் மறுநாள் வண்டியை எடுக்கமாட்டேன்.