பிளஸ் டூ சான்றிதழும் வருகைப் பதிவேடும்



சில ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து அலுவலகத்தைத் திறந்தபோது வாசலில் ஒரு தகப்பனாரும் மகனும் நின்றிருந்தார்கள். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆர்டர் எடுப்பவர். மகன் பிளஸ் டூ அறிவியல் பிரிவு. எழுத்துத் தேர்வு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறான், மதிப்பெண்ணும் மோசமில்லை. ஆனால் இயற்பியலிலும் வேதியியலிலும் தேர்ச்சி இல்லை. விசாரித்தால், பிப்ரவரியில் நடந்த செய்முறைத் தேர்வுக்கு அவன் போகவில்லை. பொங்கல் விடுமுறையில் பெங்களூரில் மாமா கடைக்குப் போனவன் ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பியிருக்கிறான். "ஹால் டிக்கெட் வந்துடுச்சு செயலாளர் பாய், அப்புறம் என்னன்னு விட்டுட்டேன்" என்றார் தகப்பனார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பரீட்சை என்றால் மார்ச் மாதம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுவது என்றுதான் அவருக்குத் தெரியும். நம் மஹல்லாவில் பலருக்கும் அப்படித்தான். சான்றிதழில் அச்சாகும் எண்ணில் ஒரு பகுதி மார்ச்சுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நம் மாநிலத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ என்ற ஏற்பாடு 1978ல் வந்தது. அதற்கு முன் பதினோராம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் பி.யு.சி. படித்தார்கள். வெகுகாலம் பிளஸ் டூவுக்கு மொத்தம் 1200 மதிப்பெண். இன்றும் பெரியவர்கள் "ஆயிரத்து நூறு வாங்கினானா?" என்று கேட்பது அந்தப் பழக்கத்தில்தான். 2017ல் இது மாறியது. பாடத்துக்கு 100 வீதம் ஆறு பாடத்துக்கு 600 என்று ஆனது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள், முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டது.

இந்தச் செய்தி வந்ததிலிருந்து "பிளஸ் ஒன் சும்மாதான்" என்று பிள்ளைகள் பேசுவதைக் கேட்கிறேன். அப்படி நினைக்க வேண்டாம். பிளஸ் டூ கணக்கும் இயற்பியலும் கணக்குப்பதிவியலும் பிளஸ் ஒன் பாடத்தின் மேல்தான் நிற்கின்றன. இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2021ல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது, பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கணக்கிட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். "பிளஸ் டூவில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்த பிள்ளைகளுக்குப் பார்த்துக்கொள்ள பரீட்சையே இல்லாமல் போயிற்று.

இப்போது மதிப்பெண் கணக்குக்கு வருவோம். தாள் எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை இல்லாத பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. மொழிப்பாடம், ஆங்கிலம், வரலாறு, பொருளியல், வணிகவியல் போன்றவை இந்த வகை. இயற்பியல், வேதியியல், உயிரியல் போன்ற செய்முறைப் பாடங்களுக்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எந்தப் பாடமானாலும் தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக ஒரு குறைந்தபட்சம் உண்டு: 90க்கு 25, 70க்கு 15. செய்முறைத் தேர்வில் கலந்துகொள்வது கட்டாயம்.

ஒரு மாணவி வேதியியலில் செய்முறை 20, அகமதிப்பீடு 10 முழுதாக வாங்கிவிட்டாள், எழுத்தில் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 42. ஆனாலும் தேர்ச்சி இல்லை, ஏனென்றால் எழுத்தில் 15 வரவில்லை. மறுபக்கம், வணிகவியலில் எழுத்தில் 27 வாங்கிய பையனுக்கு அகமதிப்பீடு 6 என்றால் மொத்தம் 33. அவனும் போனான். அகமதிப்பீட்டில் இன்னும் இரண்டு இருந்திருந்தால் தப்பியிருப்பான். அந்த இரண்டு எங்கிருந்து வரும் என்பதுதான் அடுத்த விஷயம்.

அகமதிப்பீட்டின் பத்து மதிப்பெண் வாத்தியார் மனம்போல் போடுவது அல்ல. பள்ளியில் நடத்தும் தேர்வுகளில் சிறந்த மூன்றின் சராசரிக்கு 4. ஒப்படைவு, செயல்திட்டம், களப்பயணம் ஆகியவற்றுக்கு 2. பேச்சு, கட்டுரை, சாரணர், நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற இணைச் செயல்பாடுகளுக்கு 2. மீதி 2 வருகைப் பதிவுக்கு. வருகை 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இரண்டும் கிடைக்கும். 75 முதல் 80 வரை என்றால் ஒன்று. அதற்குக் கீழே பூஜ்யம். ஆறு பாடத்துக்கும் இதே கணக்கு என்பதால், 600ல் 12 மதிப்பெண் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்திருப்பதற்கே கிடைக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் அரை மதிப்பெண்ணில் கல்லூரி மாறிப்போனவர்களைக் கேட்டால் இந்தப் பன்னிரண்டின் அருமை தெரியும்.

75 சதவீதம் என்பது அகமதிப்பீட்டுக்கு மட்டுமான எண் அல்ல. பொதுத்தேர்வு எழுதும் தகுதிக்கும் அதுவே அளவு. ஆண்டுக்கு 200 வேலை நாள் என்று வைத்தால் 150 நாள் வந்திருக்க வேண்டும், 50 நாள்தான் விடலாம். "அம்பது நாளா? நம்ம பையன் அவ்வளவு லீவு போடலையே" என்பீர்கள். சேர்த்துப் பாருங்கள்.

பள்ளியில் வருகை காலை, மாலை என்று இருவேளை எடுக்கப்படுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்த பையன் அப்படியே வீட்டில் சாப்பிட்டுப் படுத்துவிட்டால் அரை நாள் போயிற்று. ஆண்டுக்கு நாற்பது வெள்ளி என்றால் இருபது நாள்! ஜும்ஆ காரணம் அல்ல, தொழுகைக்குப் பின் திரும்பிப் போகாததுதான் காரணம். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்று, தொழுதவுடன் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். சைக்கிள் இருக்கும் பையனுக்கு இதில் சிரமம் ஒன்றும் இல்லை. ஈத் விடுமுறை ஒரு நாள், நாம் எடுப்பது நான்கு நாள். இரண்டு பெருநாளுக்கும் சேர்த்து ஆறு நாள் கூடுதல். திருக்கோவிலூரில் ஒரு நிக்காஹ், தியாகதுருகத்தில் ஒரு வலீமா, உளுந்தூர்பேட்டையில் பெண் பார்ப்பு என்று பத்து நாள். காய்ச்சல், சளி என்று பத்து. வேண்டுமென்று ஒரு நாள்கூட மட்டம் போடாத பிள்ளைக்கே நாற்பத்தாறு வந்துவிட்டது. இதற்கு மேல் கடையில் ஆள் இல்லை என்று தகப்பனார் ஒரு வாரம் நிறுத்தினால் கதை முடிந்தது.

உடல்நலக் குறைவால் நீண்ட விடுப்பு என்றால் அன்றன்றே விடுப்பு விண்ணப்பமும் மருத்துவச் சான்றும் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். பிப்ரவரியில் போய் மொத்தமாகச் சான்று வாங்கிவருவது யாருக்கும் மரியாதை அல்ல.

2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ மொழித்தேர்வு நாளில், மாநிலம் முழுவதும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வு எழுத வரவில்லை என்று செய்தி வந்தது. சட்டமன்றம் வரை பேசப்பட்டது. கொரோனா காலத்தில் தேர்வில்லாமல் மேலே வந்து, இடையில் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் அதில் நிறைய. பெயர்ப் பட்டியலில் பேர் இருந்தது, ஹால் டிக்கெட் இருந்தது, பிள்ளை இல்லை. நம் கல்வராயன் மலையில் இது இன்னும் கடுமை. வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் வியாபாரத்துக்குப் போய்வரும் நம்மவர்களுக்குத் தெரியும்: பெற்றோர் கூலி வேலைக்கு வெளி மாவட்டமோ வெளி மாநிலமோ போகும்போது பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். அங்கே வறுமை காரணம். கீழே, நம் தெருக்களில், எல்லா வீட்டிலும் அதைக் காரணம் சொல்ல முடியாது.

அடுத்து ரமலான். 2025ல் தேர்வு மார்ச் 3ல் தொடங்கி 25ல் முடிந்தது, முழுவதும் நோன்புக்குள். 2026லும் மார்ச் 2ல் தொடங்குவதாக அறிவித்தார்கள், அந்த நாளும் நோன்பில்தான். தேர்வு காலை 10 மணிக்கு. வினாத்தாள் படிக்கப் பத்து நிமிடம், விவரம் சரிபார்க்க ஐந்து நிமிடம், பின் 1.15 வரை எழுத வேண்டும். நோன்பு வைத்து நன்றாக எழுதிய பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். பிரச்சினை பசியில் இல்லை, தூக்கத்தில் இருக்கிறது. தராவீஹ் முடிந்து பன்னிரண்டு மணி வரை கடைத்தெருவில் நின்றுவிட்டு, ஸஹர் முடிந்து தூங்கி ஒன்பதரைக்கு எழுந்து ஓடினால் எந்தப் பிள்ளைக்கும் கை ஓடாது. வீட்டில் தாய்மார்கள் இஃப்தார் வேலைக்குப் பெண்பிள்ளையை மூன்று மணிக்கே அடுப்படிக்குக் கூப்பிடாமல் இருந்தால் அதுவே பேருதவி. பஜ்ஜி ஒரு மாதம் இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது.

பெயர் விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். தேர்வுக்கு முன் பள்ளியில் தேர்வர் பெயர்ப்பட்டியல் தயாராகும்போது பிள்ளையிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். முஹம்மது, முகமது, முகம்மது என்று தமிழிலேயே மூன்று விதம். ஆங்கிலத்தில் 'எம்' ஒன்றா இரண்டா, 'ஓ'வா 'யூ'வா என்று ஆதாரில் ஒன்று, பத்தாம் வகுப்புச் சான்றில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று. வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது இது தலையில் இடியாக இறங்குகிறது. பிறந்த தேதி, முதலெழுத்து, மொழிப்பாடம் எல்லாவற்றையும் அந்தப் பட்டியலிலேயே பார்த்துத் திருத்திவிடுங்கள். அச்சான பிறகு திருத்துவதற்கு அலைச்சல் அதிகம். சாதிச் சான்றில் லெப்பை, ராவுத்தர், தெக்கணி, ஷேக், சையது என்று உரிய பிரிவு சரியாக இருந்தால்தான் நமக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு கைக்கு வரும். அதையும் இப்போதே பாருங்கள்.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்க்கப் பணம் புரட்டுகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பெற ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் அரசுப் பள்ளி அல்லது அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழிப் படிப்பு வேண்டும். இரண்டு ஆண்டுக்காகப் பள்ளி மாற்றினால் முந்தைய ஐந்தாண்டின் உரிமை போய்விடுகிறது. தெரிந்து முடிவெடுத்தால் சரி, தெரியாமல் இழக்க வேண்டாம்.

தேர்ச்சி தவறினால் அதோடு முடிந்ததில்லை. முடிவு மே மாதம் வருகிறது, துணைத் தேர்வு ஜூன் கடைசி வாக்கில் நடக்கிறது. உடனே விண்ணப்பித்து எழுதினால் அந்த ஆண்டே கல்லூரி சேரலாம். மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்துப் பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். அறிவிப்பு வந்து சில நாட்களே அவகாசம் இருக்கும். அழுதுகொண்டு படுத்திருந்தால் நாள் கடந்துவிடும்.

பிரியாணிக்காரர் மகன் மறுபடி செய்முறையும் எழுத்தும் முடித்துத் தேர்ச்சி பெற்றான். ஓராண்டு போயிற்று. இப்போது பாலிடெக்னிக் முடித்து வேலையில் இருக்கிறான். அவன் தம்பி இந்த ஆண்டு பிளஸ் டூ. போன மாதம் தகப்பனார் தாமாகவே பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரிடம் வருகை சதவீதம் கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிவந்து என் மேசையில் வைத்தார். 91.

மற்ற பெற்றோரும் அரையாண்டுத் தேர்வுக்கு முன் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வாருங்கள். 80க்குக் கீழே இருந்தால், இன்னும் எத்தனை நாள் தவறாமல் வந்தால் சரியாகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறோம். ஞாயிறு அஸருக்குப் பிறகு மஃரிப் வரை அறக்கட்டளை அலுவலகம் திறந்திருக்கும். பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.